பழைய படத்தில் இல்லாத ஜன்னல்

நீ என் அடுப்படி ஜன்னலை அடைத்துவிட்டாய். என்னைக் கேட்காமல் அடைத்தாய். கண் ஆபரேஷன் முடிந்து, அடுப்பு வெக்கை படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பெரம்பலூரில் உன் அக்கா வீட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "சின்ன மராமத்துதாம்மா, நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று போனில் சொன்னாய். சொல்லிவிட்டு, நிலையைப் பெயர்த்துக் கொல்லையில் போட்டு, இருந்த இடத்தைச் செங்கல்லால் நிரப்பி, மேலே சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்துவிட்டாய். இது முதல் குற்றம். இரண்டாவது குற்றம், வீடியோ எடுக்க வந்தவர்களிடம் கூடத்துத் தூணில் சாய்ந்து நின்று நீ சொன்னது. "முன்னாடி குடியிருந்தவங்க அவங்க வசதிக்கு அங்கங்க இடிச்சு, வீட்டோட அழகையே கெடுத்து வெச்சிருந்தாங்க. அதையெல்லாம் சரி பண்ணி, ஐயா வாழ்ந்த காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாந்துட்டோம்." உன் அக்காதான் போனைக் காட்டினாள். புதுக் கண்ணில் நான் தெளிவாகப் பார்த்த முதல் காட்சி அது. முன்னாடி குடியிருந்தவங்க. யாரடா அது? நீ சொன்ன ஐயா, வீட்டைக் கட்டிய நாடகக்காரர், அவர் குடும்பத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தது உன் அப்பா, நான், உன் அக்கா, நீ. உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். நீ உன்னையே சொல்லிக்கொண்டிருக்க மாட்டாய். மிச்சம் நான் ஒருத்திதான். என்னைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீ ஊரறியச் சொன்னாய். அதனால் நானும் ஊரறிய எழுதுகிறேன். ஜெயங்கொண்டத்திலிருந்து வரும் இந்த மாதப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் இட்லி சாப்பிட்டவர். இடம் தருகிறேன், ஆனால் கொஞ்சம் கோபத்தைக் குறைத்து எழுதுங்கள் என்றார். கோபத்தைக் குறைத்தால் என்னிடம் எழுத வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போய் எழுதக் கற்றவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இட்லிப் பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய பேப்பரை, கிழிப்பதற்கு முன்னால் எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துக் கற்றேன். பாதிச் செய்தியைப் படிப்பேன், மீதி யாராவது கட்டிக்கொண்டு போன பொட்டலத்தோடு போயிருக்கும். அதனால் எனக்கு எதையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி உண்டு. இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் நடுவில் ஓரிடத்தில் "நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன்" என்று கண் கலங்குவார்கள். அது இதில் வராது. இந்த விஷயத்தில் நான் தப்புச் செய்யவில்லை.

அந்த வீட்டை உன் அப்பா வாங்கிய கதை உனக்குத் தெரிந்த அளவு இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆண்டிமடம் சாலையில், பஸ் நிற்கும் முனையில், தூண் வைத்த அந்தப் பெரிய வீட்டைக் கட்டியவர் ஒரு நாடக நடிகர். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர் என்பார்கள். கடைசிக் காலத்தில் சினிமாவிலும் தலை காட்டினார். தஞ்சாவூர், திருச்சி, கொழும்பு என்று போகாத ஊர் இல்லை. ராஜா வேஷம் கட்டினால் ஜனங்கள் நிஜமாகவே எழுந்து நிற்பார்களாம். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் மெட்ராஸுக்குப் போனார்கள். வீட்டில் வவ்வால் குடியேறியது. மேற்குப் பக்கக் கூரை உட்கார்ந்தது. வாங்க ஆள் வரவில்லை, இவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குவது, யார் வெள்ளையடிப்பது என்று. உன் அப்பா அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டும்போதெல்லாம் வாயில் நாடகக்காரர் பாட்டுத்தான். தன் பங்குக்கு வந்த முந்திரித் தோப்பை விற்று, என் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி, அந்த வீட்டை வாங்கினார். "அவரு மூச்சு பட்ட வூடு புள்ள" என்றார். எனக்கு அன்று வந்த பதில் இதுதான்: "அவரு மூச்சு கெடக்கட்டும், நாம விட மூச்சு இருக்கான்னு பாத்தீங்களா?" சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு அது நிஜமாகிவிட்டது.

ஒரு பெரிய மனிதர் வாழ்ந்த வீட்டில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று உன்னிடம் வீடியோக்காரர்கள் கேட்டார்கள். "பெருமையா இருக்கு" என்றாய். நான் சொல்கிறேன் கேள். நீ அந்த வீட்டில் குடியிருக்கவே முடியாது. பார்த்துக்கொள்ளத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது வந்துவிடுவார்கள். கொடியில் துணி காய்ந்தால் "ஐயா வூட்டுல இப்படியா" என்பார்கள். உன் அக்கா கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்தால், எழுந்துகொள் பாப்பா, இது ஐயா ஒத்திகை பார்த்த இடம் என்பார்கள். ரேஷன் கடையில் என் அட்டையில் உன் அப்பா பெயர் இருக்கும், ஆனால் கூப்பிடுவது "நாடகக்காரர் வூட்டம்மா". வருகிறவர்கள் எல்லாரும் கூடத்தில் நின்று கண்ணை மூடி ஒரே கதையைச் சொல்வார்கள். இந்த வீட்டில் பசியோடு திரும்பிப் போனவன் கிடையாது. நாடகக் குழு முழுக்க இங்கேதான் சாப்பிடும். விடிய விடிய ஆடிவிட்டு வந்தாலும் சுடுசோறு. கடைசி ஆள் இலை எடுத்த பிறகுதான் ஐயா கை நனைப்பார். கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். உன் அப்பாவும் கலங்குவார். அந்தக் கலங்கலைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். ஐயா சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவர்கள் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த அடுப்படியை நீ இப்போது மறந்திருக்கலாம். வீட்டின் அகலத்துக்கு நீளும் இருட்டு அறை. ஒரு பக்கம் கூடத்துக்குத் திறக்கும் கதவு, இன்னொரு பக்கம் கொல்லைக்குப் போகும் குட்டைக் கதவு. பஸ் முனைக்குப் போகும் சந்துப் பக்கத்து நீளச் சுவரில் கைநுழையும் ஓட்டைகூட இல்லை. கூரையில் ஒரு புகைப்போக்கி, அதுவும் பறவை கூடு கட்டி அடைத்தது. சமைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பெரிய வீடு அல்லவா. ஊருக்கே சோறு போட்ட வீட்டில் சோறு வெந்த இடம் அது. முந்திரி விறகு சாதாரண விறகு இல்லை. நன்றாக எரியும், ஆனால் ஈரம் கொஞ்சம் இருந்தால் அதன் புகை கண்ணுக்குள் மிளகாயைத் தேய்த்த மாதிரி. எங்களுக்குக் கிடைத்தது அந்த விறகுதான், நாடகக்காரர் காலத்திலும் அதுதான்.

உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது உனக்குத் தெரியும். அது எப்படி நின்றது என்று நீ கேட்டதில்லை. தவழும் பிள்ளை நீ, என்னை விட்டு நகர மாட்டாய். அடுப்படித் தரையிலேயே கிடப்பாய். நெஞ்சு ஊதுகுழல் மாதிரி சத்தம் போடும். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, என் சேலையை மோந்து பார்த்தாள். "எங்கம்மா சமைக்கிறீங்க? காத்து வருதா?" என்றாள். நாடகக்காரர் வூடுங்க என்றேன், ஏதோ அது பதில் மாதிரி. "யாரு வூடா இருந்தா எனக்கென்ன? ஒரு ஜன்னல் வைங்க. இல்லன்னா புள்ளயத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்து இருங்க" என்றாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூடத்தில் மாட்ட ஒரு படம் கேட்டிருப்பேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கோயில் கருவறையை இடிக்கச் சொன்ன மாதிரி.

"அவரு கட்டுன செவுருடி. அதுல கை வைக்கவா நான் தோப்ப வித்தேன்?"

"புள்ளைக்கு மூச்சு வரலீங்க."

"கூடத்துல தூங்க வையி. அடுப்படிக்குள்ள ஏன் விடுற?"

"அப்ப எனக்கு?"

புகைப்போக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கூட்டி வருகிறேன் என்றார். ஆள் வந்தான், கூட்டை எடுத்தான், புகை அப்படியே இருந்தது. மறுபடி கேட்டேன், அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம் என்றார். உனக்கு மறுபடி இழுத்தது. ஒரு நாள் அவர் லோடு ஏற்றப் போன பிறகு, உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். அந்தச் சுவர் எவ்வளவு பருமன் என்று நீ அடைக்கும்போது பார்த்திருப்பாய். முதல் கல் வருவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கல் சந்துப் பக்கம் விழுந்ததும், வெயில் ஒரு முழத்துணி மாதிரி உள்ளே வந்து அடுப்பு மேல் விழுந்தது. அடுப்படிச் சுவர் கறுப்பு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு கறுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தில் கூட்டம் கூடிவிட்டது. "அடி பாவி, நாடகக்காரரு வூட்ட இடிக்கிறாளே" என்று ஒருத்தி. "டிரைவர் பொண்டாட்டிக்குத் திமிரப் பாரு" என்று ஒருத்தன். டீக்கடைக்காரர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இதுக்குள்ளயா ஆக்குன இவ்ளோ நாளு?" என்று கேட்டார். சாயங்காலம் உன் அப்பா வந்து பார்த்தார். சாப்பிடாமல் லாரியிலேயே போய்ப் படுத்துக்கொண்டார். பல நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வாரம் திரும்புவதற்குள் அரியலூரில் இடித்த ஏதோ பழைய கட்டடத்து ஜன்னல் நிலை ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பேசாமல் இறக்கினார், பேசாமல் கொத்தனாரைக் கூட்டி வந்தார், பேசாமல் சுவர் ஓரத்தில் நின்று பார்த்தார். நீ கொல்லையில் எறிந்தது அந்த நிலையைத்தான்.

உன் மூச்சு உடனே சரியாகவில்லை. மெல்ல மெல்லச் சரியானது. மழைக்காலம் ஒன்று இழுப்பு இல்லாமல் போனபோது எனக்குப் பயமாகக்கூட இருந்தது, சத்தமே கேட்கவில்லையே என்று எழுந்து எழுந்து உன் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஜன்னல் புகையை மட்டும் வெளியே விடவில்லை. இட்லி வாசனையையும் விட்டது. விருத்தாசலம் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் சந்தில் வந்து, "யக்கா, ஒரு நாலு இட்லி குடுங்க, காலையிலேருந்து வயிறு காயுது" என்று கேட்டார். கொடுத்தேன். மறுநாள் டிரைவரையும் கூட்டி வந்தார். கொஞ்ச நாளில் ஜன்னல் அடியில் கடப்பாக்கல் பதித்து, அங்கேயே கடை. உன் அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு குடும்பம் நடந்தது அந்தக் கல்லின் மேல். மேற்குப் பக்கக் கூரை எழுந்தது அதில். நீ கட்டடக்கலை படித்தது அதில். "நாடகக்காரர் வூட்டு இட்லி" என்றுதான் சனங்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் பெயர் என் இட்லிக்கும் கொஞ்சம் உப்புப் போட்டது. அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. உன்மேல்தான்.

ஒரு முறை நாடகக்காரரின் மகள் வந்தார்கள். அன்றைக்கு நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். ஊரில் அவருக்கு ஏதோ விழா எடுத்தார்கள், மெட்ராஸிலிருந்து காரில் வந்தார்கள். வயதான அம்மா, வெள்ளைக் கண்ணாடி, நிமிர்ந்த நடை. உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வீடெல்லாம் காட்டினார். கூடம், தூண், மாடிப்படி எல்லாம் சரி. அடுப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாளே போய்விட்டார்கள். உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்து நின்றார்கள். உன் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"மன்னிச்சிக்கங்கம்மா. என் சம்சாரம் வெவரம் தெரியாம இடிச்சிப்புட்டா. பழையபடி அடைச்சிடுறேங்க."

"யாரு இடிச்சது?"

"நான்தாங்க" என்றேன். மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்துப் பக்கம் பார்த்தார்கள். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் போயிற்று. பிறகு திரும்பாமலேயே சொன்னார்கள்: "எங்கம்மாவுக்குக் கண்ணு எப்பவும் செவந்தே இருக்கும். அழுவுறாங்கன்னு நெனைச்சிக்குவேன். எதுக்கு அழுவுறன்னு கேக்க பயம். அப்பா வீட்டுல இல்லாதப்ப கூடக் கேட்டதில்ல." கம்பியில் படிந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொகையாத்தான் இருந்திருக்குமோ என்னவோ" என்றார்கள். "ரெண்டுமா இருந்திருக்கும்மா" என்றேன். அது வாயில் வந்துவிட்டது. உன் அப்பா என்னை முறைத்தார். அந்த அம்மா சிரித்தார்கள். "ரெண்டு இட்லி வை" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் போட்டிருந்த நாற்காலிக்குப் போகவில்லை. வாசல் வழியாக இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சந்துக்கு வந்து, கண்டக்டர்களோடு வரிசையில் நின்று, ஜன்னல் வழியாகத் தட்டை வாங்கிச் சாப்பிட்டார்கள். காரில் ஏறும் முன் உன் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "அத அடைச்சிடாதீங்க."

அதற்குப் பிறகு உன் அப்பா வீடு பார்க்க வருகிறவர்களைக் கடைசியாக அடுப்படிக்குக் கூட்டி வருவார். "இது ஐயா கட்டுன செவுரு. இது என் சம்சாரம் வெச்ச ஜன்னல்" என்பார். அவர் குரலில் இரண்டுக்கும் ஒரே மரியாதை இருக்கும். என்னிடம் அவர் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வரி போதும் என்று இருந்தேன். இப்போது நீ அந்த வரியையும் சேர்த்துப் பூசிவிட்டாய்.

கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே பஸ் ஏறினேன். முனையில் இறங்கிச் சந்துக்குள் வந்தேன். எனக்கு என் ஜன்னல் இருந்த இடம் தெரியவில்லை. சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தேன். உன் கொத்தனார் கெட்டிக்காரர், பூச்சில் ஒரு மேடு பள்ளம் இல்லை. முனையில் நின்ற டிரைவர், "யம்மா, கடைய எங்க மாத்துனீங்க?" என்று கேட்டார். வாசல் வழியாக உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். நாம் பேசியதை நீ மாற்றிச் சொல்ல முடியாதபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, அது ஒரிஜினல் கெடயாதும்மா. அந்தக் காலத்துப் போட்டோவ பாரு. அந்தச் செவுத்துல ஜன்னலே இல்ல."

"போட்டோவுல நானுந்தான் இல்ல."

"ஏம்மா எல்லாத்தையும் உன்னோட சேத்துப் பேசுற? இது பாரம்பரியக் கட்டடம். கமிட்டிக்காரங்க வந்து பாத்துட்டு வாசல்ல தகடு வைப்பாங்க. அதுல ஒரு இட்லிக்கட ஜன்னல் இருந்தா ஒத்துக்க மாட்டாங்க."

"அந்த ஜன்னல்ல வளந்த உன்ன ஒத்துக்கிட்டாங்களா?"

"அடுப்படியில மெஷின் வெச்சிருக்கேம்மா, கரண்டு சிம்னி. ஒரு சொட்டுப் பொக இருக்காது. வேணும்னா வந்து பாரு."

நான் போனை வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். இன்னும் பெரம்பலூரில்தான் இருக்கிறேன்.

அந்தப் போட்டோவைப் பற்றி நாம் பேச வேண்டும். கூடத்தில் நீ பெரிதாக்கி மாட்டியிருக்கிறாயே, அது. சந்துச் சுவரை ஒட்டி நாடகக் குழு நிற்கிறது. நடுவில் அவர், பக்கத்தில் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், வேஷக்காரர்கள். எல்லாரும் ஆம்பளைகள். எல்லார் முகத்திலும் தெம்பு. பின்னால் வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லை. உண்மைதான். நீ அதில் சுவரைப் பார்த்தாய். இத்தனை பேர் நிற்கிறார்களே, இவர்களுக்கான சோறு அந்த நேரத்தில் எங்கே வெந்துகொண்டிருந்திருக்கும் என்று நீ யோசிக்கவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான். ஒரு முழம் பருமனுக்கு அந்தப் பக்கம், சந்தில் நின்று இட்லி சாப்பிட்டார்களே அந்த அம்மாவின் தாயார் சிவந்த கண்ணோடு நின்றிருப்பார்கள். படம் எடுத்தவருக்கு அவர்கள் தெரியவில்லை. அது அவர் தப்பு இல்லை, நடுவில் சுவர் இருந்தது. உனக்கும் தெரியவில்லை என்றால் என்ன சொல்ல? அந்தச் சுவர் ஒரு முறை திறந்து, அதன் வழியாக வளர்ந்தவன் நீ.

நீ செய்தது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மேற்குப் பக்கக் கூரையை நான் தகரம் போட்டு மூடியிருந்தேன், நீ ஓடு மாற்றினாய், நல்லது. தூணில் நான் அடித்த பச்சை பெயிண்டைச் சுரண்டினாய், அந்தப் பச்சை எனக்கே பிடிக்கவில்லை, அன்றைக்குக் கடையில் அது மலிவாக இருந்தது. மாடிப்படி மரத்தைக் கரையானிலிருந்து காப்பாற்றினாய். உன் படிப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு வீட்டை யாரோ ஒருவர் வாழ்ந்த நாளோடு நிறுத்திவிட முடியாது. அவர் கட்டினார், அவர் மனைவி புகைந்தார், உன் அப்பா வாங்கினார், நான் இடித்தேன், நீ மூச்சு விட்டாய். எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வீடு. முதல் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழுவித் தள்ளினால் அது வீடு இல்லை, அவருக்குக் கட்டிய சமாதி. சமாதியில் குடித்தனம் நடத்த ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறாய்.

அவளுக்காகவும்தான் எழுதுகிறேன். தை மாதம் உன் கல்யாணம். வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண். ஒரு முறைதான் பார்த்தேன். பேச்சில் பயம் இல்லை, எனக்குப் பிடித்தது. கரண்டு சிம்னி புகையை எடுத்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்படியில் நிற்கிறவர் வெளியே பார்க்கவும் ஓர் இடம் வேண்டும், வெளியே போகிறவர்கள் உள்ளே நிற்கிறவரைப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். அந்த ஜன்னலில்தான் எனக்குப் பஸ் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது, யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஊருக்கும் நான் தெரிந்தேன். நாடகக்காரர் வூட்டம்மா என்று கூப்பிட்ட வாயெல்லாம் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் என் பெயரைக் கேட்டது. நாளைக்கு அந்த அடுப்படியில் நீ நின்றாலும் சரி, அவள் நின்றாலும் சரி, சுவரைப் பார்த்து நிற்கக் கூடாது.

எனவே நடக்க வேண்டியது இது. சுவரை நீ இடிக்க வேண்டும். கொத்தனார் இல்லை, நீ. கடப்பாரை விறகுக் கொட்டகையில் மூலையில் சாத்தியிருக்கிறது, முதல் கல் வரும்வரையாவது உன் கையால் குத்து. பிறகு கொத்தனார் வந்து ஓரத்தைச் சரி பண்ணட்டும். கொல்லையில் கிடக்கும் நிலையில் கரையான் ஏறும் முன் அதை எடுத்து எண்ணெய் தடவ வேண்டியதும் நீதான். உன் அப்பா லாரியிலிருந்து இறக்கியது அது, பார்த்துத் தூக்கு. கடப்பாக்கல்லை எங்கே போட்டாய் என்று உன் அக்கா விசாரித்து, பழைய உயரத்திலேயே பதிக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த உயரம் தெரியும், சின்ன வயதில் அவள் மோவாய் அந்தக் கல்லில்தான் இருக்கும். தகடு வைக்க வருகிறவர்கள் ஜன்னலோடு சேர்த்து வீட்டை ஒத்துக்கொள்ள வேண்டும். மாட்டோம் என்றால் தகட்டை அவர்களே எடுத்துக்கொண்டு போகட்டும். உன்னைப் படம் எடுத்த வீடியோக்காரர்கள் மறுபடி வர வேண்டும். அதே தூணில் சாய்ந்து நின்று, முன்னாடி குடியிருந்தவங்க யார் என்று பெயரோடு நீ சொல்ல வேண்டும். உன் அப்பா பெயரையும் என் பெயரையும் சொல். நாடகக்காரர் மனைவியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல், எனக்கு அது இன்றுவரை தெரியாது. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இதில் ஒரு வரியையும் குறைக்காமல் போட வேண்டும். உனக்கு வரப்போகிறவள் முதல் முறை அந்த வீட்டுக்குள் வரும்போது, கூடத்தில் விளக்கேற்றுவதற்கு முன்னால், அடுப்படிக்குப் போய் ஜன்னலைத் திறக்க வேண்டும். நான் வாசல் வழியாக வர மாட்டேன். சந்தில் வந்து நிற்பேன். அன்றைக்கு அடுப்புப் பற்ற வைத்து இட்லி அவிக்க வேண்டியது நீ. ஜன்னல் வழியாகத் தட்டை என் கையில் கொடுக்க வேண்டியதும் நீ.